முதலாண்டு இயற்பியல் செய்முறை: பதினாறில் எந்த எட்டை வைப்பது?

கீற்றணி · ஜூன் 14, இரவு 10.40

வணக்கம். ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஜூனிலிருந்து பி.எஸ்சி. முதலாண்டு செய்முறை வகுப்பு என் பொறுப்பு. பாடத்திட்டத்தில் பதினாறு சோதனைகள் இருக்கின்றன. அதில் எந்த எட்டை வேண்டுமானாலும் நடத்தலாம். "போன வருஷம் போட்ட லிஸ்ட்டையே போட்டுடுங்க" என்றார் துறைத்தலைவர். சரி என்று போன வருட ரெக்கார்டு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அங்கேதான் தூக்கம் போனது.

யங் குணகம் (ஒரு பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்), சீரற்ற வளைவு முறை: அளவுகோலின் நடுவில் எடை தொங்கவிட்டு அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. 36 ரெக்கார்டிலும் விடை 1.02 × 10¹⁰. மூன்றாம் இலக்கம் வரை ஒன்றே! எங்களிடம் இருப்பவை மர மீட்டர் அளவுகோல்கள், மொத்தம் ஏழு. ஒன்று தேக்கு மாதிரி இருக்கிறது, இரண்டு வேறு ஏதோ மரம், ஒன்று வாழைக்காய் மாதிரி வளைந்தே விட்டது. ஏழு மரத்துக்கும் எப்படி ஒரே குணகம்?

இந்த வருடம் முதல் வகுப்பில் ஒரு பையன் கருவியைத் தொடுவதற்கு முன்பே கேட்டான்: "மேடம், ஆன்சர் எவ்ளோ வரணும்?"

நிலவரம் இதுதான். 36 பேர், 18 ஜோடி. வாரத்தில் ஒரு நாள் 3 மணி நேரம். நகரும் நுண்ணோக்கி 6, ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் நிறமாலைமானி 5 (அதில் இரண்டுக்குத் திருகு இறுகிக் கிடக்கிறது), சோடியம் விளக்கு 3, முறுக்கு ஊசல் (கம்பியில் தொங்கும் வட்டு முறுகி ஆடுவது) வேண்டிய அளவு, சட்டென்று பாயும் மின்னூட்டத்தை அளக்கும் எறிவு கால்வனாமீட்டர் 2 (ஒன்றுக்குத் தொங்கு இழை அறுந்திருக்கிறது). மல்டிமீட்டர் 10. புதிதாக வாங்கப் பணம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எந்த எட்டு? அதைவிட, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பழைய பாதரசம் · ஜூன் 15, காலை 6.05

அம்மா, 34 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். பட்டியலில் ரொம்பக் கை வைக்காதீர்கள். சீரற்ற வளைவு, முறுக்கு ஊசல், நிறமாலைமானி, நியூட்டன் வளையங்கள் (லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தோன்றும் ஒளி வளையங்கள்), மின்னழுத்தமானி (பொட்டென்ஷியோமீட்டர்): இந்த ஐந்தும் இருந்தே ஆக வேண்டும். காரணம் விடை கிடையாது, கை. ஒரு பிள்ளை நிறமாலைமானியில் அரை டிகிரி முதன்மைக் கோலையும் 30 பிரிவு வெர்னியர் துணைக்கோலையும் சேர்த்து ஒரு நிமிடத் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) துல்லியத்தில் படிக்கிறது என்றால், அந்தக் கை பிறகு எந்தக் கருவிக்கும் போகும். 358 டிகிரியிலிருந்து தொலைநோக்கி 19 டிகிரிக்குப் போனால் எதை எதிலிருந்து கழிப்பது என்று முதல் முறை விழிப்பார்கள். அந்த விழிப்புக்குத்தான் ஆய்வகம்.

செய்முறையில் புதுமை செய்கிறேன் என்று கிளம்பிய பல பேரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மாணவனுக்குத் திருகு அளவியின் சுழிப்பிழை (வாய் மூடியும் சுழியைக் காட்டாத பிழை) கூடத் தெரியாது.

ராத்திரி ரெக்கார்டு · ஜூன் 15, காலை 9.30

சார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நானும் அந்த ஐந்தையும் "செய்தவன்". இப்போது ஐடியில் இருக்கிறேன், ஒப்புக்கொள்வதால் வேலை போகாது.

நியூட்டன் வளையத்தை நாங்கள் எப்படிச் செய்வோம் தெரியுமா? சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர், அது எல்லோருக்கும் தெரியும். லென்ஸின் வளைவு ஆரம் போன வருட ரெக்கார்டில் இருக்கும். இரண்டையும் வைத்து வளைய விட்டத்தின் இருமடி எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவோம். அதிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்து நுண்ணோக்கியின் இடது ரீடிங், வலது ரீடிங். நடுவில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் போடுவோம், நம்பும்படி இருக்க வேண்டுமே. இதற்குப் பெயர் "குக்கிங்". எங்கள் செட்டில் இதற்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருந்தான், ஒரு ரீடிங்குக்கு ஒரு டீ.

பின்னோக்கிக் கணக்குப் போடும் அந்தத் திறமைதான் நான் ஆய்வகத்தில் கற்றது. அது வேலையில் உதவுகிறது என்பது வேறு விஷயம்.

மூன்றின் அடுக்கு · ஜூன் 15, பிற்பகல் 1.15

மேடத்தின் இரண்டாவது கேள்விதான் முக்கியம். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: மாணவர் ஏதாவது ஒரு இடத்தில் நின்று தானாக முடிவெடுக்க வேண்டி வருகிறதா? வராவிட்டால் அது சமையல் குறிப்பு. கருவி பழையதா புதியதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சீரற்ற வளைவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கத்தி முனைக்கு நடுவே 70 செ.மீ., அகலம் 25 மி.மீ., தடிமன் 6 மி.மீ., நடுவில் 100 கிராம். மரம் என்றால் நடுப்புள்ளி ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. இறங்கும். நுண்ணோக்கி 0.01 மி.மீ. வரை படிக்கும். ஆக அங்கே பிழை 1 சதவீதத்துக்குள்தான். நீளத்தில் 1 மி.மீ. தவறினால் 0.14 சதவீதம், வாய்பாட்டில் நீளம் மும்மடியாக வருவதால் 0.4 ஆகும். பரவாயில்லை. தடிமனும் மும்மடிதான், அதை 0.1 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியர் அளவியால் எடுத்தால்? 6-இல் 0.1 என்பது 1.7 சதவீதம், மூன்றால் பெருக்கினால் 5. மீதி எல்லாப் பிழையையும் இது ஒன்றே விழுங்கிவிடும்.

"அதனால்தான் தடிமனுக்குத் திருகு அளவி" என்று கையேட்டில் போட்டிருக்கும். மாணவரும் போட்டபடி எடுப்பார். ஏன் என்று அவர் கேட்க வேண்டிய இடம் அங்கேயே போய்விட்டது. நான் என்ன செய்வேன் என்றால், இரண்டு அளவியையும் மேசையில் வைப்பேன். எதை எதற்கு என்று சொல்ல மாட்டேன். அப்புறம் இன்னொரு வேடிக்கை: திருகு அளவி 0.01 மி.மீ. காட்டும், ஆனால் பழைய மர அளவுகோல் இடத்துக்கு இடம் 0.1 மி.மீ. மாறும். ஒரே இடத்தில் ஐந்து முறை எடுத்துச் சராசரி போட்டால் அழகான, தவறான எண் கிடைக்கும். பத்து இடத்தில் எடுத்தவருக்குத்தான் மரம் உண்மையைச் சொல்லும்.

உங்களிடம் ஏழு விதமான மரம் இருப்பது குறையே கிடையாது, மேடம். ஒவ்வொரு அளவுகோலுக்கும் விடை வேறு. பார்த்து எழுத ஆள் இல்லை.

கீற்றணி · ஜூன் 15, இரவு 11.10

ஏழு மரத்தை இப்படி யோசிக்கவே இல்லை. அளவுகோல்களில் எண் ஒட்டிவிடுகிறேன்.

ஆனால் முதல் வாரத்திலேயே இதைக் கொடுத்தால் பயந்துவிட மாட்டார்களா? பாதிப் பேர் பிளஸ் டூவில் செய்முறைக்கு இரண்டு நாள்தான் ஆய்வகத்துக்குப் போனவர்கள்.

மூன்றின் அடுக்கு · ஜூன் 16, காலை 7.50

அப்படியானால் முதல் இரண்டு வாரத்துக்குத் தனி ஊசல். சிரிக்காதீர்கள்.

கேள்வி: வீச்சு (குண்டை ஒரு பக்கம் இழுத்து விடும் கோணம்) 10 டிகிரி, 20 டிகிரி. அலைவுநேரம் இரண்டிலும் ஒன்றா, வேறா? பாடப்புத்தகம் "வீச்சைச் சார்ந்ததல்ல" என்று சொல்லியிருக்கிறது. அது சின்ன வீச்சுக்கான தோராயம். திருத்தம் வீச்சின் இருமடியை 16-ஆல் வகுத்தது, ரேடியனில். கணக்குப் போட்டால் 10-க்கும் 20-க்கும் இடையே வித்தியாசம் 0.57 சதவீதம். ஒரு மீட்டர் நூல் என்றால் அலைவுநேரம் 2 வினாடி, வித்தியாசம் 11 மில்லிசெகண்ட். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் கை அதைவிடப் பத்து மடங்கு தடுமாறும். ஒரே அலைவை அளந்தால் எதுவும் தெரியாது. 20 அலைவை அளந்தால் வித்தியாசம் 0.23 வினாடி, இப்போது லேசாகத் தலை காட்டும். அதையே பத்து முறை செய்து சராசரியும் சிதறலும் (அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பது) போட்டால் ஒளிய இடமில்லை.

கையேட்டில் இந்த விடை எழுதப்பட்டிருக்காது. "ஒன்றுதான்" என்று முதலில் சொல்வார்கள், ஏனென்றால் புத்தகம் சொன்னது. அளவீட்டைத் துல்லியமாக்க ஆக்கப் புத்தகம் ஆட்டம் காணும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நட்டாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன், டக் பான் மூவரும் முதலாண்டு மாணவர்களுக்கு இதைக் கொடுத்து 2015-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். வீமன் 2001-இல் நோபல் பரிசு பெற்றவர். அளந்ததை ஒப்பிடு, பொருந்தாவிட்டால் அளவீட்டைத் திருத்து, மறுபடி ஒப்பிடு: இந்தச் சுழற்சியைப் பழக்கினார்கள். ஹோம்ஸும் வீமனும் பிறகு மூன்று கல்வி நிறுவனங்களின் ஒன்பது பாடங்களைப் பார்த்துச் சொன்னது நம் வயிற்றில் புளியைக் கரைக்கும்: வகுப்புப் பாடத்தை உறுதிப்படுத்துவதற்காக வைக்கும் செய்முறையால் தேர்வு மதிப்பெண்ணில் அளக்கும்படியான பலன் எதுவும் தெரியவில்லை.

பழைய பாதரசம் · ஜூன் 16, காலை 8.20

தனி ஊசல் பதினொன்றாம் வகுப்புச் சமாச்சாரம். கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு நூலையும் குண்டையும் கொடுத்தால் "இதுக்கா இங்க வந்தோம்" என்பான். தவிர 20 டிகிரியில் விட்ட ஊசல் 20 அலைவு முடிவதற்குள் 20 டிகிரியிலா இருக்கும்? காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

மூன்றின் அடுக்கு · ஜூன் 16, காலை 8.45

ஐயா, நீங்கள் இப்போது கேட்டதைத்தான் மாணவர் கேட்க வேண்டும். கேட்டவர் கனமான குண்டைத் தேடுவார், அல்லது 20 அலைவுக்குப் பதில் 10 எடுத்து அதிக முறை திருப்பிச் செய்வார், அல்லது தொடக்க வீச்சையும் முடிவு வீச்சையும் குறித்து நடுமதிப்பை எடுப்பார். மூன்றும் சரி. எதைச் செய்தார், ஏன் செய்தார் என்பதற்கு மதிப்பெண்.

ஆய்வக உதவியாளர் · ஜூன் 16, மாலை 5.30

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க. 22 வருஷமா கருவியை எடுத்து வைக்கிறவன் நான், என் பக்கத்தையும் கேளுங்க.

முதல் செமஸ்டரில் நிறமாலைமானியைக் கொடுக்காதீங்க மேடம். முதல் நாள் எல்லாத் திருகையும் திருகிப் பார்ப்பாங்க, முப்பட்டக மேசை சரிந்து நிற்கும், அதைச் சமன் செய்ய எனக்கு ஒரு நாள் ஆகும். சோடியம் விளக்கு போட்டதும் இளஞ்சிவப்பாகத்தான் எரியும், நல்ல மஞ்சளுக்கு வர ஐந்து பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள "அண்ணே, கெட்டுப் போச்சு" என்று அணைச்சுடுவாங்க. பாதரச விளக்கு இன்னும் மோசம், அணைச்சா ஆறின பிறகுதான் மறுபடி பிடிக்கும். மின்வெட்டு வந்தா அன்னைக்கு அந்தச் சோதனை அவ்வளவுதான்.

திருகு அளவியை ராட்சட்டால் (அளவுக்கு மேல இறுகாத நுனிக் குமிழ்) மூடணும். எவனும் மூட மாட்டான், உருளையைப் பிடிச்சே நெரிப்பான். அதனால எங்க ஆய்வகத்துல பன்னிரண்டு திருகு அளவிக்கும் பன்னிரண்டு சுழிப்பிழை. நான் ஒவ்வொன்றிலும் எண் போட்டு அதன் சுழிப்பிழையைப் பெட்டி மூடிக்குள் எழுதி வச்சிருந்தேன். ஒரு ஆசிரியர் வந்து அழிக்கச் சொன்னார், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று. அப்போ கோபம் வந்துச்சு, இப்போ யோசிச்சா அவர் சொன்னது சரிதான்.

எறிவு கால்வனாமீட்டரைத் தொடவே வேண்டாம். மீதி ஒண்ணும் போயிடும்.

என் கணக்கு: பாதி வகுப்பு, அதாவது ஒன்பது ஜோடி, ஒரே சோதனையை ஒரே நாளில் செய்ய முடியுதா என்று பாருங்க. சுழற்சி முறையில ஆளுக்கு ஒரு சோதனை என்றால் நீங்க ஒரே நாளில் எட்டுச் சோதனைக்கு விளக்கம் சொல்லணும். ஒண்ணையும் உருப்படியாச் சொல்ல முடியாது. அடுத்த வாரம் செய்யப் போறவன் இந்த வாரம் செஞ்சவனோட நோட்டை வாங்கிப்பான்.

கீற்றணி · ஜூன் 16, இரவு 9.00

அண்ணா, கடைசிப் பத்தி ரொம்ப உதவியது. நோட்டு கைமாறும் வழி சுழற்சி முறைதான் என்று எனக்கு இதுவரை உறைக்கவில்லை.

யாழ் ஊசல் · ஜூன் 17, மாலை 6.15

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் நிறமாலைமானி என்பதை நாங்கள் திருசியமானி என்போம். நகரும் நுண்ணோக்கி எங்களுக்கு நகரும் நுணுக்குக்காட்டி. பெயர்தான் வேறு, கள்ள வாசிப்பு இரண்டு கரையிலும் ஒன்றுதான் போல.

நாங்கள் செய்த ஒரு மாற்றம்: விடை தெரிந்த பொருளைக் கொடுப்பதை நிறுத்தினோம். முறுக்கு ஊசலுக்கு இரும்புக் கடைக்குப் போய் மூன்று விதக் கம்பி வாங்கினோம், பெயர் சொல்லாமல் அ, ஆ, இ என்று குறி போட்டோம். விறைப்புக் குணகத்தை (கம்பி முறுக்கலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) கண்டு, இது என்ன உலோகம் என்று சொல்ல வேண்டும். உருக்குக்கு ஏறத்தாழ 8 × 10¹⁰, பித்தளைக்கு அதில் பாதிக்குக் கிட்ட. ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறபடியால் அதிலே கவலையீனமாக இருந்தவர் உருக்கைப் பித்தளை என்று எழுதினார். நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தோம். சிலர் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் முலாம் பூசிய கம்பியும் ஒன்று கலந்திருந்தது.

மல்டிமீட்டர்காரன் · ஜூன் 17, இரவு 10.25

மின்சோதனையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பத்து மல்டிமீட்டர் இருக்கிறதே மேடம், அதுவே பெரிய சொத்து.

ஒரு மெகாஓம் மின்தடை, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. பெருக்கினால் 10 வினாடி, இதுதான் காலமாறிலி: மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை இறங்க ஆகும் நேரம். மின்னேற்றி, மின்மூலத்தைக் கழற்றிவிட்டு, மின்தேக்கி மின்தடை வழியே இறங்குவதை மல்டிமீட்டரில் பார்த்து ஐந்து வினாடிக்கு ஒரு முறை எழுதினால் போதும். அலைகாட்டி (ஆஸிலாஸ்கோப்) தேவையில்லை. மடக்கை வரைபடம் போட்டால் நேர்கோடு வரும், சாய்விலிருந்து காலமாறிலி வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அது மின்தேக்கிக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டு தானும் மின்னோட்டத்தைக் குடிக்கும். இணைத்தடை 0.91 மெகாஓம் ஆகிவிடும், 10 வினாடி 9.1 ஆகும். போதாததற்கு மின்பகுபொருள் மின்தேக்கியில் 10 என்று போட்டிருந்தால் 8-லிருந்து 12 வரை எதுவும் இருக்கலாம், 20 சதவீத விலக்கம் சகஜம். ஆக "எவ்வளவு வரணும்" என்ற கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியாது. இதைவிட நிம்மதி வேறு உண்டா?

கருவியை வைத்தால் அளக்கப்படும் பொருளே மாறுகிறது என்பதை மாணவர் தானாகக் கண்டுபிடிக்க ஒரு வழி: அதே சோதனையை 100 கிலோஓம், 100 மைக்ரோஃபாரடில் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள். பெருக்கல் அதே 10 வினாடி, ஆனால் மீட்டரின் பாதிப்பு 1 சதவீதமாகச் சுருங்கிவிடும். மின்தேக்கி விலக்கத்தையும் மீட்டரின் பாதிப்பையும் எப்படிப் பிரிப்பது என்று அடுத்த வாரம் அவர்களே மண்டையை உடைப்பார்கள். இரண்டாவது மீட்டரை இணையாக மாட்டிப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கே தோன்ற வேண்டும்.

கொஞ்சம் காசு கிடைத்தால் எக்ஸ்பைஸ் பெட்டி ஒன்று வாங்குங்கள். புது டில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் ஃபீனிக்ஸ் திட்டத்தில் உருவாக்கியது, கணினியோடு இணைத்தால் அலைகாட்டி வேலை பார்க்கும். காசே இல்லையா, மாணவர்களின் கைபேசியில் ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட இலவசச் செயலி. இரண்டு கைபேசியை 5 மீட்டர் தள்ளி வைத்து, இந்தப் பக்கம் ஒரு கைதட்டு, அந்தப் பக்கம் ஒரு கைதட்டு. முதல் தட்டு இரண்டு கைபேசியிலும் கடிகாரத்தை ஓட்டும், இரண்டாவது நிறுத்தும். இரண்டும் காட்டும் நேரத்துக்குள் வித்தியாசம் ஏறத்தாழ 29 மில்லிசெகண்ட் வரும். ஒலியின் வேகம் வந்துவிட்டது. நடைபாதையில் 18 ஜோடியும் ஒரே நேரத்தில் தட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்.இ.டி. வைத்துப் பிளாங்க் மாறிலி காண்பது இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது. வைக்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வையுங்கள். எரியத் தொடங்கும் மின்னழுத்தம் என்பது எது? இருட்டறையில் வெளிச்சம் கண்ணில் பட்ட இடமா, வளைகோட்டின் தொடுகோடு அச்சை வெட்டும் இடமா? நாலு விதமாக எடுக்கலாம், பாடநூல் மதிப்பான 6.6-க்குக் கிட்ட வருவதை வைத்துக்கொள்ளலாம். ராத்திரி ரெக்கார்டு அண்ணாச்சியின் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு இது கல்யாணச் சாப்பாடு.

இரண்டாமாண்டு · ஜூன் 18, இரவு 12.50

நான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவி. எல்லோரும் எங்களைத் திருடர்கள் மாதிரி பேசுகிறீர்கள், ஒரு விஷயம் சொல்லட்டுமா?

போன செமஸ்டரில் மின்னழுத்தமானியில் எனக்கு ரீடிங் ஒத்து வரவில்லை. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தது, ஆனால் "வர வேண்டியது" வரவில்லை. வந்ததை எழுதினேன். முடிவுக்கான மதிப்பெண்ணில் பாதி போய்விட்டது. பக்கத்துப் பெண் மேசையில் சுற்றைக்கூட முழுதாக இணைக்கவில்லை, முழு மதிப்பெண். அடுத்த சோதனையிலிருந்து நானும் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

எட்டுச் சோதனையை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். மதிப்பெண் விடைக்குத்தான் என்றால் நாங்கள் விடையைத்தான் கொண்டு வருவோம்.

பழைய பாதரசம் · ஜூன் 18, காலை 5.40

இரண்டாமாண்டு மாணவியின் பதிவைப் படித்தபின் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு கல்லூரிக்குப் புறத் தேர்வாளராகப் போயிருந்தேன். நிறமாலைமானி, கீற்றணி (நெருக்கமாகக் கோடு கிழித்த தகடு, ஒளியைப் பக்கவாட்டில் பிரித்து அனுப்பும்), சோடியம் ஒளி. கீற்றணியில் அங்குலத்துக்கு 15,000 கோடுகள் என்று சீட்டு ஒட்டியிருந்தது. முதல் வரிசையில், அதாவது நேராக வரும் கதிருக்கு அடுத்த கோட்டில், கோணம் 20 டிகிரி 22 நிமிடம் வர வேண்டும். வருகிற பிள்ளையெல்லாம் 20 டிகிரி 20, 20 டிகிரி 24 என்று எழுதுகிறது. எனக்கும் மகிழ்ச்சி. கடைசியில் ஒரு பெண் 16 டிகிரி 51 நிமிடம் என்று எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறாள், அழுகிற நிலை. நேர்க்கதிர் எடுப்பதில் தவறு செய்திருப்பாள் என்று நினைத்தேன். நானே உட்கார்ந்து பார்த்தேன். 16 டிகிரி 51.

கீற்றணி மாறியிருக்கிறது. அங்குலத்துக்கு 12,500 கோடுகள் உள்ளதை யாரோ பழைய சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். எப்போது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. உள்மதிப்பீட்டு நோட்டுகளைக் கொண்டு வரச் சொன்னேன். நான்கு வருட நோட்டுகள். எல்லாவற்றிலும் 20 டிகிரி 22-ஐச் சுற்றியே. நான்கு வருடமாக ஒருவர் கூட அந்தத் தொலைநோக்கி வழியே பார்த்து எழுதவில்லை, பார்த்தவர் கண்ணை நம்பவில்லை. கையெழுத்துப் போட்ட ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அதற்கு முன் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவர்களுக்கும் போட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கை பழக வேண்டும் என்று நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா, கீற்றணிக்குச் சீட்டு ஒட்டாதீர்கள். கோடுகளின் எண்ணிக்கையையும் அவர்களே காணட்டும்.

ராத்திரி ரெக்கார்டு · ஜூன் 18, காலை 9.10

சார்... ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அந்த நாலு வருடத்தில் நான் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அநேகமாக இல்லை.

வீட்டில் கிடக்கும் பழைய சி.டி.யை எடுத்து லேசர் சுட்டியை அடித்துப் பார்க்கலாம் மேடம். தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டி.வி.டி.யில் 0.74. சிவப்பு லேசருக்கு ஒன்றில் முதல் வரிசை 24 டிகிரியில் விழும், இன்னொன்றில் 60-ஐத் தாண்டிப் போகும். எது எது என்று சொல்லாமல் உடைத்த துண்டைக் கொடுங்கள். நிறமாலைமானித் திருகு பிழைக்கும்.

கீற்றணி · செப்டம்பர் 21, இரவு 10.05

மன்னிக்கவும், மூன்று மாதம் எட்டிப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டு என்பது விதி, அதைக் குறைக்க முடியாது. ஆனால் ஒரு சோதனையின் இரண்டு பாகத்தை இரண்டு எண்ணாகப் பதிவு செய்யலாம் என்று துறைத்தலைவரே வழி காட்டினார் (அவர் மேல் எனக்கு இருந்த அபிப்பிராயம் கொஞ்சம் மாறியது). ஊசல் இரண்டு வாரம், மர அளவுகோல் இரண்டு வாரம், மின்தேக்கி இரண்டு வாரம், பெயர் தெரியாத கம்பியோடு முறுக்கு ஊசல் ஒன்று, சி.டி. துண்டு ஒன்று. நிறமாலைமானி இரண்டாம் செமஸ்டருக்கு. நியூட்டன் வளையங்களை விட்டுவிட்டேன், ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று விளக்கை வைத்துக்கொண்டு 18 ஜோடியைச் சமாளிக்க முடியாது.

மதிப்பெண்ணை மாற்றினேன். விடைக்கு ஒன்றும் கிடையாது. பேனாவில் மட்டுமே எழுத வேண்டும், அடித்தால் ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிய வேண்டும். "இரண்டாம் முறை எதை மாற்றினாய், ஏன்?" என்ற கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். இரண்டாமாண்டு, இது உங்களுக்காக.

ஊசல் முதல் நாள் ஒரே கூத்து. சுவரில் சாக்பீஸால் 17 செ.மீ., 34 செ.மீ. குறித்து 10, 20 டிகிரி ஆக்கினோம். முதல் வாரம் 18 ஜோடியில் 11 ஜோடி "வித்தியாசம் இல்லை". மூன்று ஜோடிக்கு ஈர்ப்பு முடுக்கம் 10.8 வந்தது. திரும்ப எண்ணச் சொன்னேன். குண்டை விடும்போதே "ஒன்று" என்று சொல்லி வாட்சை அழுத்துகிறார்கள்! இருபது என்று முடிப்பது உண்மையில் பத்தொன்பது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பக்கத்து மேசைப் பெண் சொன்னாள், "சைபர்ல ஆரம்பிங்கடா" என்று.

இரண்டாம் வாரம் ஒரு ஜோடி எங்கிருந்தோ பித்தளைத் தூக்குக்குண்டு கொண்டு வந்தது, கொத்தனார் வைத்திருப்பது. அப்பாவுடையதாம். அவர்களுடைய சிதறல் மற்றவர்களில் பாதி. மதியத்துக்குள் அந்தக் குண்டுக்கு வரிசை நின்றது. அன்று முடிவில் 13 ஜோடி "வித்தியாசம் இருக்கிறது, 20 டிகிரியில் அதிகம்" என்று எழுதின. இரண்டு ஜோடி இன்னும் "இல்லை". அவர்களுடைய சிதறலுக்கு அந்த முடிவுதான் நேர்மை, மதிப்பெண் குறைக்கவில்லை. மீதி மூன்றில் ஒன்று நூலையே மாற்றிவிட்டு முதல் வார எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மின்தேக்கிச் சோதனையில் மீட்டரின் பங்கைத் தானாகக் கண்டவர்கள் ஒரே ஒரு ஜோடி, மற்றவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சி.டி. வாரம் வீணானது போலத்தான். "மேடம், எக்ஸாமுக்கு இது வருமா?" என்று தினமும் கேட்கிறார்கள். திருத்தும் நேரம் இரட்டிப்பாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. ஏழு மரத்துக்கு ஏழு குணகம் வந்தது. வாழைக்காய் அளவுகோல்தான் எல்லாவற்றிலும் விறைப்பு, ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றின் அடுக்கு · செப்டம்பர் 22, காலை 8.00

வளைந்த அளவுகோலைக் குழிவு மேலே வைத்தார்களா, கீழே வைத்தார்களா? திருப்பிப் போட்டு ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். தடிமனை எத்தனை இடத்தில் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள், அது முதலில்.

ஆய்வக உதவியாளர் · செப்டம்பர் 22, மாலை 5.45

கத்தி முனையில உட்காரும் இடம் முழுசாப் படியுதான்னு பாருங்க மேடம். முறுக்கிக்கிட்ட மரம்னா ஒரு ஓரத்துலதான் உட்காரும். அடியில ஒரு கடுதாசியை நுழைச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்.

பழைய பாதரசம் · செப்டம்பர் 23, காலை 5.50

நியூட்டன் வளையத்துக்குக் கோபம் இருக்கிறது, இரண்டாம் செமஸ்டரில் பேசிக்கொள்வோம். அந்த இரண்டு "இல்லை" ஜோடியின் ஊசல் அட்டவணையைப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? பெயரை மறைத்துவிடுங்கள். அடித்த ரீடிங்குகளும் தெரியட்டும்.